50 வயதில் வீட்டுக்கடன்: மகனைச் சேர்த்தால் தவணைக் காலம் நீளுமா?

இடம் இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டக் கொல்லங்கோட்டில்; வேலை தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சியில். கைக்கு வரும் சம்பளம் 60,000. பாதியைத் தவணைக்கு ஒதுக்கி, ஓடிக்கிட்டிருக்கும் பைக் லோன் 5,000-ஐக் கழித்தால் 25,000 மிச்சம்.

8.5 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 20 வருடம் என்றால் 868 ரூபாய், 10 வருடம் என்றால் 1,240. ஆக 30 வயதுக்காரருக்கு 28.8 லட்சம் கிடைக்கும். 60-ல் ஓய்வு பெறும் 50 வயதுக்காரருக்கு 20 லட்சம்தான். சம்பளம் ஒண்ணுதான், வயசு இடிக்குது! பைக் லோனை முடித்தால் 4 லட்சம் கூடும், அதுவும் பத்தாது.

26 வயது மகனின் 20,000 சம்பளத்தைச் சேர்த்தால், அவன் வயதை வைத்து 20 வருடம் தரும் வங்கி எது? பத்திரத்திலும் அவன் பேர் வேணுமா? கேரள வில்லேஜ் ஆபீஸ் தரும் பொசெஷன் சர்டிபிகேட்டைப் (இடம் நம்ம கைவசம் இருக்குன்னு சொல்லும் சான்று) பொள்ளாச்சிக் கிளை ஏற்குமா, பாலக்காட்டுக்குத்தான் போகணுமா? சமீபத்தில் கடன் வாங்கியவங்க சொல்லுங்க.