மூளைப் பயிற்சி ஆப்: உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பலன் தெரிந்ததா?

குடந்தைவாசி
அப்பாவுக்கு 74 வயது. ஞாபகம் குறைகிறது என்று அவரே சொன்னதால், தம்பி போனில் மூளைப் பயிற்சி ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். வருடச் சந்தா வேறு. கட்டங்களில் மறைந்திருக்கும் படங்களை நினைவு வைத்துத் தொடும் ஆட்டத்தில் இப்போது என்னையே தோற்கடிக்கிறார். ஆனால் காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா என்று அம்மாதான் இன்னமும் அட்டையை எண்ணிப் பார்க்கிறார். மற்றவர்கள் வீட்டில் எப்படி?

ஓய்வுபெற்ற வாத்தியார்
நான் தினமும் சுடோகு போடுபவன். சுடோகுவில் கை வேகமாகிவிட்டது, பழைய மாணவர்களின் பெயர் மறப்பது மட்டும் நிற்கவில்லை. 2010-ல் நேச்சர் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வும் இதையேதான் சொன்னது. 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் பயிற்சி செய்தார்கள். பழகிய ஆட்டத்தில் தேறினார்கள், பழகாத சோதனைகளில் அந்தத் தேர்ச்சியைக் காணோம். (அவர்கள் 60 வயதுக்கு உட்பட்டவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.) சந்தா கட்டுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: இதே மாதிரி மூளைப் பயிற்சி ஆப் விற்கும் லூமோசிட்டி நிறுவனம் வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற ரீதியில் விளம்பரம் செய்து மாட்டிக்கொண்டு, அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட 2016-ல் ஒப்புக்கொண்டது.

செவிலியர், முதியோர் பிரிவு
சார், ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் ‘ஆக்டிவ்’ என்றொரு பெரிய ஆய்வு. 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 2,800 பேர். நினைவாற்றல், தர்க்கம், கண்ணில் பட்டதைச் சட்டென்று கிரகிக்கும் வேகம் என்று மூன்று குழுக்களுக்குத் தனித்தனிப் பயிற்சி, நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்துச் சோதித்தபோது தர்க்கத்திலும் வேகத்திலும் பலன் மிச்சமிருந்தது, நினைவாற்றலில் இல்லை. நாமெல்லாம் ஆப் வாங்குவதே ஞாபகத்துக்காகத்தான்!

மறதி என்று எங்களிடம் வருகிறவர்களுக்கு முதலில் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். தூக்க மாத்திரை போடுகிறாரா என்று கேட்போம். அப்புறம் காது. “காலையில்தானே சொன்னேன், மறந்துட்டாரு” என்று மகள் புகார் சொல்லுவார். பக்கத்தில் போய்ப் பேசினால்தான் தெரியும், காலையில் சொன்னது தாத்தாவின் காதிலேயே விழுந்திருக்காது. குடந்தைவாசி, ஆப் இருக்கட்டும், இந்த மூன்றையும் பார்த்துவிட்டீர்களா? மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா கடையில் கிடைக்கும், அதையும் வாங்கி வையுங்கள்.

தாயக்கட்டை
என் மாமியார் போனைத் தொட மாட்டார். சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவோடு தாயம். எந்தக் காய் எங்கே வெட்டுப்படும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார். அக்கா ஊருக்குப் போய்விட்டால் அந்த வாரம் முழுக்க ஆள் மந்தம். ஆட்டத்தைவிடப் பேச்சுத்துணைதான் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. பின்லாந்தில் 1,260 பேரிடம் செய்த ஆய்விலும் மூளைப் பயிற்சியைத் தனியாகக் கொடுக்கவில்லை. சாப்பாடு, உடற்பயிற்சி, பிரஷர் கண்காணிப்பு எல்லாவற்றோடும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தார்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

செவிலியர் அம்மா, காது என்றதும் ஒரு சந்தேகம். மாமியாருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், பாத்திரச் சத்தமெல்லாம் மண்டையில் அடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். மறுபடி எப்படிப் பழக்குவது?