தி லாஸ்ட் எம்பராக்ஸ் ஒலிநூல்: பேரரசு எப்போதுதான் சரியும்?

கியூர்பிப் மழை

ஜான் ஸ்கால்சியின் விண்வெளித் தொடரில் கடைசிப் பாகமான இதை இங்கே மொரீஷியஸில் மெட்ரோவில் போகவரக் கேட்டு முடித்தேன். இனிமேல் கேட்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லித்தான் சண்டைக்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இது. மனிதர்கள் பல நட்சத்திர மண்டலங்களில் பரவி வாழ்கிறார்கள். ஃப்ளோ என்ற இயற்கையான ஓட்டத்தில் கப்பலை ஏற்றித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். ஒவ்வொரு வணிகக் குடும்பத்துக்கும் ஒரு சரக்கில் ஏகபோகம். லாகோஸ் குடும்பத்துக்கு எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா. யாரும் தனியாகப் பிழைக்கக் கூடாது என்று பேரரசே போட்ட ஏற்பாடு அது. இப்போது அந்த ஓட்டங்கள் ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. திறந்தவெளியில் மனிதன் வாழக்கூடிய ஒரே கோள் எண்டு, அதுவும் கடைக்கோடியில்.

இவ்வளவு பெரிய ஆபத்தை வைத்துக்கொண்டு கடைசிப் பாகம் என்ன செய்கிறது? அரண்மனைச் சதி, குடும்பப் பகை, படுக்கையறை, கெட்டவார்த்தை. 2017-இல் தொடங்கி 2020-இல் முடிந்த மூன்று பாகங்களிலும் "சரியப்போகிறது" என்கிறார்களே தவிர, கடைசியில் ஒரு ஊர் பட்டினி கிடப்பதைக்கூட அருகில் போய்க் காட்டவில்லை. அரசி இரண்டாம் கிரேலண்டைக் கொன்றுவிட்டு, நினைவறையில் பதிவாக மறுபடி எழுப்பிப் பேசவைப்பது இன்னொரு ஏமாற்று. செத்தவளைச் சாகவிடுங்கள்.

ரோஸ்ஹில் அக்கா

தம்பி, நினைவறை முதல் பாகத்திலிருந்தே இருக்கிறது. முன்னாள் அரசர்களின் மூளைப் பதிவுகளோடு அவள் அங்கேதானே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்? தன் பதிவும் ஒருநாள் அங்கே போய்ச் சேரும் என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இதில் ஏமாற்று எங்கே வந்தது?

பட்டினியைக் காட்டவில்லை என்கிறீர்கள். இரண்டாம் பாகத்தில் தலசீஸ்லா வரவில்லையா? 800 வருடங்களுக்கு முன் ஓட்டம் அறுந்து தனித்துப்போன மண்டலம். அங்கே எஞ்சியிருந்த சொற்ப மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று விவரமாகவே வருகிறது. ஒருமுறை காட்டியாயிற்று. மூன்றாம் பாகம் வேறு கேள்விக்குப் போகிறது: இது வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் பெரிய மனிதர்கள் ஏன் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள்?

இந்தப் பாகம் வெளிவந்தது 2020 ஏப்ரலில். நம் ஊரில் அப்போது ஊரடங்கு. மார்ச் கடைசியில் சூப்பர்மார்க்கெட்டையே சாத்திவிட்டு, ஏப்ரல் 2-ஆம் தேதி குடும்பப்பெயரின் முதலெழுத்துப்படி திறந்தார்களே, நினைவிருக்கிறதா? பிள்ளை, வீராசாமி என்று இருந்தவர்களுக்குப் புதனும் சனியும். அந்த வரிசையில் நின்றுகொண்டு காதில் இந்தக் கதையைக் கேட்டவள் நான். எனக்கு யாரும் பட்டினியைப் படம்போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

துறைமுகத்தான்

அக்கா சொல்வது அவருக்குச் சரி, கதைக்குச் சரியில்லை. கேட்கிறவர் அனுபவத்தை வைத்துக் கதையின் ஓட்டையை அடைக்கக் கூடாது.

நான் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். சரக்குப் போக்குவரத்தை வைத்துக் கதை எழுதினால் எனக்குக் கணக்கு வேண்டும். பேரரசின் தலைமையிடமான ஹப்பில் தானியம் எத்தனை மாதத்துக்கு இருப்பு? எந்த ஓட்டம் அறுந்தால் எது முதலில் தீரும், மருந்தா, விதையா, உதிரிபாகமா? முதல் பாகத்தில் இந்த வாசனை கொஞ்சம் அடித்தது. கடைசிப் பாகத்தில் சரக்கு என்ற பேச்சே பங்குகளும் ஒப்பந்தங்களுமாக மாறிவிடுகிறது.

அப்புறம், பாதை அறுவது நமக்குப் புதிதா? 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்குப் போன கப்பல்களுக்கு நம் போர்ட் லூயி ஒரு தங்கல். கால்வாய் வந்ததும் அந்த வரத்து குறைந்தது. தீவு அப்படியேதான் இருந்தது, பாதைதான் விலகிப்போனது. ஃப்ளோ என்று அவர் கற்பனை செய்ததை நம் துறைமுகம் 150 வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. அதனால்தான் எனக்கு விவரம் பற்றவில்லை.

பழைய வாத்தியார்

சூயஸைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. நமக்கு அரிசி வந்துகொண்டிருந்தது அங்கிருந்து. வரத்து நின்றது. காலனி அரசாங்கம் கரும்புத் தோட்டங்களின் நிலத்தில் ஒரு பகுதியில் மக்காச்சோளம், மரவள்ளி, வற்றாளைக் கிழங்கு போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. சோளமாவைத் தின்னவைத்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நிலம் இருந்தது, மழை இருந்தது, உழைக்கக் கையும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கரும்புக்குக் கொடுத்துவிட்டு, சோற்றைக் கப்பலில் வரவைத்துத் தின்றோம். அதை யாரோ தங்கள் லாபத்துக்குத்தான் அப்படி அமைத்தார்கள். அந்த அமைப்பின் உள்சூழ்ச்சியை இந்தக் கதை சரியாகப் பிடித்திருக்கிறது. ஏகபோகம் வைத்திருக்கும் குடும்பங்கள், கப்பல் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் பங்கை எப்படி விற்பது என்றுதான் முதலில் யோசிக்கின்றன. துறைமுகத்தான் தம்பிக்கு மூட்டைக் கணக்கு வேண்டும். எனக்கு அந்தப் பேரம் பேசும் காட்சிகளே போதும்.

கியூர்பிப் மழை

ஐயா, நீங்கள் சொன்ன சோளமாவு இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியில் இருக்கிற வயிற்றெரிச்சல் அந்த ஒலிநூலில் எங்கேயும் இல்லை. என் குறையே அதுதான்.

ரோஸ்ஹில் அக்கா

வயிற்றெரிச்சல் வேண்டுமென்றால் வேறு நூல் கேளுங்கள், இது கிண்டலாக எழுதிய கதை. எல்லாரும் செத்தே தீர வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? 1961-இல் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் தலைமையில் வந்த அறிக்கை நம் தீவைப் பற்றி என்ன நம்பிக்கையா கொடுத்தது? ஜனம் பெருகுகிறது, கரும்பைத் தவிர ஒன்றுமில்லை என்ற கவலைதான். அந்த மனிதருக்குப் பின்னால் நோபல் பரிசே கிடைத்தது. நாம் என்னவோ துணி தைத்தோம், ஹோட்டல் கட்டினோம், பிழைத்தோம். ஐரோப்பா கொடுத்துவந்த சர்க்கரை விலையை 2006-இலிருந்து 36 சதவீதம் வெட்டி, 2009-இல் பழைய ஒப்பந்தத்தையே முடித்தார்கள். அதுவும் ஒரு ஓட்டம் அறுந்ததுதான். முடிவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது எனக்கு நேர்மையாகவே படுகிறது.

துறைமுகத்தான்

ஹோட்டலுக்கு வரும் சோறும் கப்பலில்தான் வருகிறது, அக்கா. இன்றைக்கும் நாம் தின்கிற அரிசி வெளியிலிருந்துதான். பிழைத்தோம் என்பதைவிட, வேறு ஓட்டத்தில் ஏறிக்கொண்டோம் என்று வேண்டுமானால் சொல்லலாம். கதையில் நம்பி ஏற வேறு ஓட்டம் இல்லை, எண்டில் எல்லாருக்கும் இடமும் இல்லை. அதனால் மீட் உதாரணம் இங்கே செல்லாது.

காதில் கதை

மூன்று நாளாகக் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒலிநூலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசித்தவர் வில் வீட்டன், ஸ்டார் டிரெக்கில் பையன் வெஸ்லியாக நடித்தவர். மூன்று பாகமும் அவர் குரல்தான். அந்த எலுமிச்சைக் குடும்பத்துக் கீவா லாகோஸ் வாயைத் திறந்தாலே தூஷணம். அதை அவர் கோபமாகச் சொல்லாமல், கடைக்காரி பாக்கிச் சில்லறை எண்ணுவதுபோல அலட்சியமாகச் சொல்கிறார். கடைசியில் அரியணை அவள் கைக்குப் போகும்போது அந்தக் குரலுக்காகவே நம்பினேன்.

குறையும் உண்டு. கிண்டல் அவருக்கு நன்றாக வருகிறது, துக்கம் அவ்வளவாக வரவில்லை. அரசி இறந்த செய்தி அவள் காதலன் மார்ஸுக்குத் தெரியும் இடத்தில் இன்னும் மெதுவாகப் போயிருக்கலாம். காகிதத்தில் படித்தால் அங்கே நாமே நின்றுவிடுவோம், காதில் கேட்டால் அடுத்த வாக்கியம் வந்து தள்ளிவிடுகிறது. கியூர்பிப் தம்பிக்கு வயிற்றெரிச்சல் வராததற்கு ஸ்கால்சி பாதிக் காரணம், வீட்டன் பாதி என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா தம்பி, எந்த வேகத்தில் கேட்டீர்கள்?

கியூர்பிப் மழை

ஒன்றரை. மொத்தம் எட்டு மணி நேரம் ஓடும் நூலை எல்லாரும் அப்படித்தானே கேட்கிறார்கள்? வேகத்தைக் குறைத்தால் பட்டினிக் காட்சி முளைத்துவிடுமா என்ன.

ரோஸ்ஹில் அக்கா

ஒன்றரையா! வாத்தியாரே, இவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வாத்தியார்

வேகம் அவரவர் இஷ்டம், அக்கா. ஆனால் தம்பி, தலசீஸ்லா வரும் அத்தியாயங்களை மட்டும் சாதாரண வேகத்தில் போட்டுக் கேளுங்கள். பிறகும் இதையே சொன்னால் துறைமுகத்தான் பக்கம் நானும் வந்துவிடுகிறேன்.