கிட்டார் கேபிளுக்குக் காசு கொட்டணுமா, வேண்டாமா?

புதுத்தந்தி:
வீட்டில் ஒரு மூலையில் ரெக்கார்டிங் செட்அப். ஸ்ட்ராட் வகை கிட்டார் (சிங்கிள் காயில் பிக்கப், பேட்டரி கிடையாது), இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், இரண்டு ஆக்டிவ் மானிட்டர் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்). கடையில் ஒரே நீளக் கேபிளுக்கே பத்து மடங்கு விலை வித்தியாசம் சொல்கிறார்கள். எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்?

அரை_ஓம்:
எதற்கும் வேண்டாம். 3 மீட்டர் கிட்டார் கேபிளின் மின்தடை போக வர சேர்த்து அரை ஓம் அளவில்தான் இருக்கும். அது போய்ச் சேரும் இன்புட் 10 லட்சம் ஓம். இதில் செம்பின் தரம் எங்கே கேட்கப்போகிறது? ‘ஆக்ஸிஜன் இல்லாத செம்பு’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அது மின்சாரத்தைச் சுமார் 1 சதவீதம்தான் கூடுதலாகக் கடத்தும். கேபிள் மேல் அம்புக்குறி போட்டு விற்பது அடுத்த கூத்து. போய்வரும் மின்னோட்டத்துக்கு ஏது ஒருவழிப்பாதை? இரைச்சலைத் தடுக்கச் சுற்றியிருக்கும் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்த கேபிளாக இருந்தால் அம்புக்குப் பொருள் உண்டு. மற்றதெல்லாம் அலங்காரம்.

காயில்சுற்றி:
மின்தடைக் கணக்கு சரி, ஆனால் தப்பான கணக்கை எடுத்துக்கொண்டீர்கள் பாஸ். பேட்டரி இல்லாத பிக்கப்புக்குக் கேபிளின் மின்தடை பொருட்டே இல்லை, கெப்பாசிட்டன்ஸ்தான் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) பொருட்டு. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும், ஆயிரக்கணக்கான சுற்றுள்ள காயில். ஸ்ட்ராட் வகையில் அதன் இண்டக்டன்ஸ் சுமார் 2.5 ஹென்றி. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் அதோடு சேர்ந்து ஒரு ரெசனன்ஸ் மேட்டை, அதாவது சில அலைவரிசை மட்டும் தூக்கலாக வரும் இடத்தை, உண்டாக்கும். அந்த மேடு எங்கே விழுகிறதோ அதுதான் நீங்கள் கேட்கும் ‘பளிச்’.

போட்டுப் பார்ப்போம். காயிலுக்குள்ளேயே 100 பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸின் அலகு) இருப்பதாக வையுங்கள். ‘மொகாமி 2524’ என்ற கிட்டார் வயர், மீட்டருக்கு 130 பிகோஃபாரட். 3 மீட்டருக்கு எல்லாம் சேர்த்து 490, மேடு 4,500 ஹெர்ட்ஸ் பக்கம். அதையே 6 மீட்டர் ஆக்கினால் 3,400-க்கு இறங்கிவிடும். மீட்டருக்கு 160 உள்ள கனாரே ஜிஎஸ்-6 வயரில் 10 மீட்டர் போட்டால் 2,400. மறுபக்கம், மீட்டருக்கு 52 மட்டுமே உள்ள சொம்மர் ஸ்பிரிட் எல்எல்எக்ஸ் 3 மீட்டர் என்றால் 6,300 ஹெர்ட்ஸ். 2,400-க்கும் 6,300-க்கும் வித்தியாசம் தெரியாத காது இருக்காது.

அரை_ஓம்:
10 மீட்டரையும் 3 மீட்டரையும் ஒப்பிட்டால் யாருக்கும்தான் தெரியும்! வீட்டு மூலைக்கு எதற்கு 10 மீட்டர்? உங்கள் கணக்கே எனக்குத்தான் சாட்சி: காசு கொடுக்காமல் நீளத்தைக் குறைத்தால் போதும். இன்னொன்று, குறைந்த கெப்பாசிட்டன்ஸ்தான் நல்ல ஒலி என்று எந்தச் சட்டமும் இல்லை. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் வைத்திருந்தது சுருள் கேபிள். நீட்டினால் எத்தனை மீட்டர் வரும், அதன் கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். அந்த ட்ரெபிள் (உச்ச ஒலி) குறைவும் அந்த டோனில் ஒரு பங்கு.

காயில்சுற்றி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைவாக இருப்பதோடு கூட்டலாம், கூடுதலாக இருப்பதிலிருந்து கழிக்க முடியாது. 3 மீட்டர் நல்ல கேபிளோடு 470 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்தால் நீளக் கேபிளின் குணம் வந்துவிடும். அதன் விலை ஒரு டீக்காசுகூட ஆகாது.

இந்தப் பிரச்சினை முதல் பஃபர் (சிக்னலைக் குறைந்த ஓம் அவுட்புட்டாக மாற்றித் தரும் சுற்று) வரைக்கும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் கம்பெனி பெடல் மாதிரி, அணைத்து வைத்தாலும் பஃபர் வேலை செய்யும் பெடல் ஒன்று நடுவே இருந்தால் அதன் அவுட்புட் 1,000 ஓம்தான். அதற்குப் பிறகு 1,000 பிகோஃபாரட் கேபிள் போட்டாலும் உச்ச ஒலி குறையத் தொடங்கும் வெட்டு 1,59,000 ஹெர்ட்ஸில் விழும். மனிதக் காதுக்கு அது எட்டவே எட்டாது. ட்ரூ பைபாஸ் பெடல் அணைந்திருக்கும்போது வெறும் கம்பி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நீளம் முழுக்கக் கூட்டலில் சேரும்.

சால்டர்புகை:
இரண்டு பேரும் ஹெர்ட்ஸில் சண்டை போடுகிறீர்கள். கேபிள் சாவது எப்போதும் பின் கழுத்தில்தான். காசு கொடுக்க வேண்டிய இடமும் அதுதான். வார்த்து மூடிய பிளாஸ்டிக் பின் என்றால் உள்ளே அறுந்ததும் குப்பை. மூடியைத் திருகிக் கழற்றும் நியூட்ரிக் மாதிரிப் பின் என்றால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சால்டர் பண்ணிக்கொள்ளலாம். பின்னின் உள்ளே வயரைக் கவ்விப் பிடிக்கும் துண்டு இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். இல்லையென்றால் இழுவை முழுக்க சால்டர் மேல் விழும்.

நாமே செய்வதில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நல்ல கிட்டார் வயரில் பின்னிய ஷீல்டுக்குக் கீழே, உள் இன்சுலேஷன் மேல், கறுப்பாக ஒரு மெல்லிய உறை இருக்கும். அது மின்சாரம் கடத்தும். கேபிளை மிதித்தால் வரும் ‘டப் டப்’பை அடக்க வைத்தது. பார்க்க சாதாரண இன்சுலேஷன் மாதிரியே இருப்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது நடுக்கம்பியைத் தொட்டால் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக ஷீல்டுக்குக் கசியும், ஒலி மங்கும். மல்டிமீட்டரை பீப்பில் வைத்தால் சத்தம் வராது, ஏனென்றால் அது முழு ஷார்ட் இல்லை. ஓம் அளவில் மிக உயர்ந்த ரேஞ்சில் வைத்து டிப்புக்கும் (பின்னின் நுனி) ஸ்லீவுக்கும் (பின்னின் அடிப்பகுதி) நடுவே பாருங்கள். எண் எதுவும் காட்டக் கூடாது. சால்டர் வைக்கும் இடத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது அந்தக் கறுப்பை உரித்துவிடுங்கள்.

வரிசை: முதலில் பின் மூடியை வயரில் கோத்துவிடுங்கள் (மறந்தால் மறுபடி முதலிலிருந்து!). வயருக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஈயம் பூசுங்கள். ஷீல்டை முதலில் ஒட்டுங்கள், ஆறவிட்டு நடுக்கம்பி. 25 வாட் சால்டரிங் இரும்பால் ஸ்லீவ் தகட்டைச் சூடாக்க நேரமாகும், அதற்குள் இன்சுலேஷன் உருகி நடுக்கம்பி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். 50, 60 வாட்டில் மூன்று நொடியில் வைத்து எடுப்பதுதான் வயருக்கு நல்லது. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும்.

வெள்ளிமுனை:
ஹம் (தொடர் ரீங்காரம்) வருகிறதென்றால் விலை உயர்ந்த, தங்கம் பூசிய கேபிள் போட்டால் நின்றுவிடும். அதையும் சொல்லுங்கள்.

அரை_ஓம்:
நிற்காது. கிட்டாரைக் கையில் பிடித்தபடி நாற்காலியோடு மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஹம் கூடி, இன்னொரு திசையில் குறைந்தால் சிங்கிள் காயிலே பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸை வாங்குகிறது. எந்தக் கேபிளும் அதைத் தடுக்காது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் காரணம் கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சேர்ந்து உண்டாகும் வளையம்), அல்லது சார்ஜரே. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்தும் வித்தையை மட்டும் யாரும் செய்யாதீர்கள், கிட்டார் தந்தியைத் தொடும் கைக்கு உயிராபத்து. தங்கம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். தினமும் செருகி எடுக்கும் ஜாக்கில் பூச்சு தேயும். நிக்கல்தான் தாக்குப்பிடிக்கும்.

காயில்சுற்றி:
இதில் அரை_ஓம் பக்கம்தான் நானும். கூடவே ஒன்று: ஒலி மங்கல் என்று கேபிளைத் திட்டுகிறவர்கள் முதலில் இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ பட்டன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைன் இன்புட்டில் செருகினால் பிக்கப்புக்குச் சுமை அதிகமாகி ட்ரெபிள் போய்விடும்.

புதுத்தந்தி:
அப்போ மைக்குக்கும் மானிட்டருக்கும்?

சால்டர்புகை:
மைக்குக்குச் சாதாரண எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள வட்டப் பின்) கேபிள். மானிட்டருக்கு டிஆர்எஸ் (கிட்டார் பின் மாதிரியே, ஆனால் டிப், ரிங், ஸ்லீவ் என மூன்று பகுதி), அல்லது ஒரு முனை டிஆர்எஸ் மறுமுனை எக்ஸ்எல்ஆர். டிஆர்எஸ் பின்னில் மூன்று உலோகப் பகுதி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டே பகுதியுள்ள கிட்டார் கேபிளை மானிட்டருக்குப் போட்டாலும் சத்தம் வரும், ஆனால் இரண்டு கம்பியில் சிக்னலை அனுப்பி ஹம்மைக் கழிக்கும் பேலன்ஸ்டு வசதி போய்விடும். நான்கு கம்பி முறுக்கிய ஸ்டார் குவாட் வயர் மின்காந்த இரைச்சலை 10 டெசிபெல்லுக்கு மேல் குறைக்கும்தான். லைட் டிம்மரும் பவர் கேபிள்களும் கூடவே ஓடும் மேடைக்கு அது. உங்கள் 3 மீட்டருக்கு வேண்டாம்.

வெள்ளிமுனை:
மைக் கேபிளுக்கும் கெப்பாசிட்டன்ஸ் உண்டே?

காயில்சுற்றி:
உண்டு. ஆனால் மைக் அவுட்புட் 200 ஓம் பக்கம். 10 மீட்டரில் 1,500 பிகோஃபாரட் சேர்ந்தாலும் வெட்டு 5 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல்.

அரை_ஓம்:
புதுத்தந்தி, கிட்டாருக்கு 3 மீட்டர், கழற்றும் பின். வாங்கும் முன் கெப்பாசிட்டன்ஸ் பார்க்கும் மல்டிமீட்டர் கிடைத்தால் டிப்பிலும் ஸ்லீவிலும் வையுங்கள், மறுமுனை எதிலும் செருகாமல் காற்றில் இருக்கட்டும். 400 பிகோஃபாரட்டுக்குள் வந்தால் வாங்குங்கள், விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள்.

காயில்சுற்றி:
மீட்டரின் சொந்த வயருக்கே சில பத்து பிகோஃபாரட் காட்டும். கேபிள் இல்லாமல் முதலில் ஒரு தடவை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.