பர்மாவில் இறந்த கொள்ளுத்தாத்தா: எங்கே தேடுவது?

கேள்வி: மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர், 1944இல் இறந்தார். பெயரும் ஊரும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்க?

பதில் 1: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். முழுப்பெயரைப் போடாதீர்கள், அங்கேதான் முட்டும். முத்துசாமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். முதல் நாலெழுத்து, படைப்பிரிவு, ஆண்டு போதும். கூடுதல் தகவலில் தந்தை பெயர், ஊர் இருந்தால் ஆளை உறுதி செய்யலாம்.

பதில் 2: 'ரங்கூன் நினைவுச்சின்னம்' என்று வந்தால் அங்கே இறந்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில் உள்ள அந்தத் தூண்களில் இருப்பவை கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள்.

பதில் 3: இறந்த இடம் தெரிய, அவரது கம்பெனியின் (படையின் சிறு பிரிவு) போர் நாட்குறிப்பு, அதாவது அந்தப் பிரிவு அன்றாடம் எழுதிவைத்த பதிவு வேண்டும். லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகம், டபிள்யூஓ 172 (WO 172) என்ற ஆவண வரிசை. சிப்பாய் பெயர் பெரும்பாலும் இருக்காது, இறந்தோர் எண்ணிக்கைதான். தேதியை வைத்துப் பொருத்துங்கள்.