யூக்லூலெட் கடலில் ஒரே நாளில் சினூக் சால்மனும் ஹலிபட்டும் பிடிக்க முடியுமா?

கேள்வி: பசிபிக்கரை

அனைவருக்கும் வணக்கம். வான்கூவரில் வசிக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, வரும் கோடையில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள யூக்லூலெட்டுக்குச் சென்று, வழிகாட்டியுடன் கூடிய வாடகைப் படகில் கடலுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஏரிகளிலும் ஆறுகளிலும் தூண்டில் போட்ட பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் திறந்த கடல் எங்களுக்கு முற்றிலும் புதியது. சினூக் சால்மன், ஹலிபட் இரண்டையும் ஒரே நாளில் பிடித்துவிட முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஆசைப்பட்டால் ஒன்றும் கிடைக்காது என்று வேறு சிலர் எச்சரிக்கிறார்கள். ஜூன், ஆகஸ்ட் ஆகிய இரண்டில் எந்த மாதம் பொருத்தமானது? வழிகாட்டி உடன் இருந்தாலும் நாங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டிய விதிகள் எவை? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: நீவாடு

வணக்கம். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கலாம். ஆனால் எதை முதலில் பிடிப்பது என்பதை உங்கள் விருப்பம் தீர்மானிக்காது. அன்றைய வற்றுப்பெருக்கு அட்டவணைதான் தீர்மானிக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிட்டால் மற்றவை எளிதாகும்.

ஹலிபட் கடலடித் தரையோடு கிடந்து, நீரில் கலந்து வரும் வாடையைத் தொடர்ந்து இரையிடம் வந்து சேரும் மீன். நீரோட்டம் வேகமாக இருக்கும்போது அரைக்கிலோ ஈயக்குண்டு கட்டினாலும் இரை தரையில் நிற்காமல் மேலெழுந்துவிடும். அதனால் வற்று முடிந்து பெருக்கு தொடங்குவதற்கும், பெருக்கு முடிந்து வற்று தொடங்குவதற்கும் இடைப்பட்ட தளர்ந்த நீர் நேரமே இதற்கு உகந்தது. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் சுமார் ஒரு மணி நேரம் சேர்த்து ஒதுக்குங்கள். சினூக்கோ விடியற்காலையில் மேல்நீரில் இரை தேடி, வெளிச்சம் ஏற ஏற ஆழத்துக்கு இறங்கும் இயல்புடையது. ஆகவே தளர்ந்த நீர் காலை ஒன்பது, பத்து மணியளவில் அமையும் நாளைத் தேர்ந்தெடுத்தால், விடியலில் சினூக்கைத் தேடிவிட்டு அதன்பின் ஹலிபட் திட்டுக்குச் செல்லலாம். தளர்ந்த நீர் பிற்பகலில் அமையும் நாள் அவ்வளவு நல்லதல்ல. கோடையில் அந்தக் கரையில் நண்பகலுக்குப் பிறகு வடமேற்குக் காற்று வலுப்பது வழக்கம். அலை எழும்பிய கடலில் ஆழத்துத் தூண்டிலைக் கட்டுப்படுத்துவது கடினம்.

மாதத்தைப் பொறுத்தவரை, சினூக்கும் வேண்டுமென்றால் ஆகஸ்டே என் தேர்வு. ஃபிரேசர் ஆற்றின் சினூக் கூட்டங்கள் பல ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டதால், 2019 முதல் தென் பிரிட்டிஷ் கொலம்பியக் கடலின் பெரும்பகுதியில் கோடையின் முற்பகுதியில் சினூக்கை வைத்துக்கொள்ளக் கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அந்தக் கூட்டங்கள் கடந்து போவதற்காகத் தரப்படும் இடைவெளி அது. ஆகஸ்டில் நீங்கள் யூக்லூலெட் அருகிலுள்ள பார்க்லி குடாவை ஒட்டிய பகுதியில் பிடிப்பவற்றில் பல, போர்ட் அல்பர்னி அருகிலுள்ள ராபர்ட்சன் கிரீக் பொரிப்பகத்தில் பிறந்து, அலாஸ்காக் கரை வரை சென்று வளர்ந்து, சோமஸ் ஆற்றை நோக்கித் திரும்பும் மீன்களாக இருக்கும். ஆகஸ்டின் குறை மூடுபனி. சில நாட்களில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஆம்ஃபிட்ரைட் முனைக் கலங்கரை விளக்கமே கண்ணுக்குத் தெரியாது. ரேடார் உள்ள படகுதானா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில், கரைக்கு அப்பால் கடலில் உள்ள லா பெரூஸ் திட்டில் மிதக்கும் வானிலை மிதவை காட்டும் அலை உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் முறையும் வேறு வேறு. சினூக்குக்கு டவுன்ரிகர் என்னும் கம்பிச்சுருளில் கனத்த குண்டைத் தொங்கவிட்டு, அதோடு உங்கள் தங்கூசியைக் கிளிப்பில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, படகை மெதுவாகச் செலுத்திக்கொண்டே போவார்கள். மின்னும் ஃபிளாஷர் பலகைக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு மீட்டரில் நெத்திலியோ கரண்டித் தூண்டிலோ சுழன்று வரும். மீன் கவ்வியதும் வளைந்து நின்ற கோல் சட்டென்று நிமிரும். அந்தக் கணத்தில் கோலைத் தாங்கியிலிருந்து எடுத்துத் தளர்வைச் சுருட்ட வேண்டும். இங்கே பெரும்பாலும் பயன்படுத்தப்படும் ஒற்றைச் சுழல் ரீலில் மீன் ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கி வேகமாகச் சுழலும்; விரலை உடனே விலக்கிவிடுங்கள். ஹலிபட்டுக்கு, நுனி உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கி கட்டுவார்கள். கடித்த உணர்வு வந்ததும் கோலை வெட்டி இழுக்கும் பழக்கத்தை அன்று ஒருநாள் மறந்துவிடுங்கள். கோல் நுனி மெல்ல வளைந்து கீழே இறங்கும் வரை பொறுத்து, பிறகு சீராகச் சுருட்டினால் கொக்கி வாயோரத்தில் தானே பதியும்.

பதில்: செவுள்

நீவாடு அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விதிகளைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன், ஏனெனில் வழிகாட்டி உடன் இருந்தாலும் உரிமம் உங்கள் பெயரில்தான் இருக்கும், பொறுப்பும் உங்களுடையதே.

கனடா மீன்வளத் துறையின் கடல்நீர் பொழுதுபோக்கு மீன்பிடி உரிமத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக இணையத்தில் வாங்க வேண்டும். அது ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். சால்மனை வைத்துக்கொள்வதென்றால் உரிமத்தோடு சால்மன் பாதுகாப்பு முத்திரையும் தேவை. சினூக்கையோ ஹலிபட்டையோ வைத்துக்கொள்ள முடிவு செய்த உடனேயே, கரைக்கு வந்த பிறகு அல்ல, நாள், பகுதி முதலிய விவரங்களை உரிமத்தில் பதிய வேண்டும். சால்மன் கொக்கியில் எதிர்முள், அதாவது நுனியருகே பின்னோக்கி நீட்டும் முள், இருக்கக் கூடாது. எத்தனை மீன், எந்த அளவு, எந்தப் பகுதி என்பவை பருவத்தின் நடுவில்கூட மாற்றப்படும் என்பதால், போன ஆண்டு போனவர் சொன்ன எண்ணிக்கையை நம்பாமல், புறப்படும் நாளுக்கு முன்தினம் துறையின் அறிவிப்பைப் படியுங்கள்.

மீனை அடையாளம் காண்பது நீங்களே கற்க வேண்டிய திறமை. படகோரம் வந்த மீனைக் கைவலையால் அள்ளுவதற்கு முன்பே வாயைப் பாருங்கள். ஈறு கறுப்பாக இருந்து, வால் துடுப்பின் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் புள்ளிகள் இருந்தால் அது சினூக். ஈறு வெளுத்து, புள்ளிகள் மேல் பாதியில் மட்டும் இருந்தால் கோஹோ என்னும் வேறொரு சால்மன் இனம். முதுகின் பின்பகுதியில் கட்டைவிரல் நகமளவு இருக்கும் கொழுப்புச் செட்டை வெட்டப்பட்டு, அந்த இடம் தழும்பாக ஆறியிருந்தால் அது பொரிப்பக மீன். செட்டை முழுமையாக இருக்கும் கோஹோவை வைத்துக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி இல்லை. விடுவிக்க வேண்டிய மீனை வலையில் எடுக்காமல், நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றிவிடுவதே மேல். வலையில் செதிலும் வழவழப்பும் உரிந்த மீன் பிழைப்பது அரிது.

செட்டை வெட்டப்பட்ட சினூக், கோஹோ மீன்களின் தலையைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். சிலவற்றின் மூக்கெலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள கம்பித் துண்டு, குறியீட்டோடு பதிக்கப்பட்டிருக்கும். துறைமுகத்தில் உள்ள தலை சேகரிப்பு இடத்தில் அதைக் கொடுத்தால், அந்த மீன் எந்தப் பொரிப்பகத்தில் எந்த ஆண்டு விடப்பட்டது என்று கண்டறிவார்கள். 1985-இல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தத்தின்படி சினூக்கைப் பங்கிடுவதற்கான கணக்குகள் இப்படிச் சேரும் தகவல்களையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ஐந்து நிமிட வேலை அது. ஆனாலும் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இன்னொன்று பாறைமீன். ஹலிபட் தேடும் ஆழத்தில் மஞ்சள் கண் கொண்ட செந்நிறப் பாறைமீன் அடிக்கடி கொக்கியில் ஏறும். நூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன் அது; வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சால்மனால் காற்றுப்பையின் காற்றை வாய்வழியே வெளியேற்ற முடியும். வளர்ந்த ஹலிபட்டுக்குக் காற்றுப்பையே இல்லை. பாறைமீனின் பையோ மூடியது. மேலே வரும்போது காற்று விரிந்து கண் பிதுங்கி, இரைப்பை வாய்க்கு வந்துவிடும். அப்படியே நீரில் விட்டால் மிதந்தபடியே செத்துப்போகும். அதை ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி படகில் இருப்பது கட்டாயம்.

கேள்வி கேட்டவர்: பசிபிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆகஸ்டில் காலை பத்து மணியளவில் தளர்ந்த நீர் வரும் நாளைத் தேடத் தொடங்கிவிட்டோம். இன்னும் ஒரு சந்தேகம். எங்களில் ஒருவருக்கு ஆள் உயர ஹலிபட் ஒன்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வது?

பதில்: நீவாடு

விட்டுவிட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹலிபட்டுக்கு அதிகபட்ச நீள வரம்பு உண்டு. ஆள் உயர மீன் அதைத் தாண்டிவிடும். 1923 முதல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு ஹலிபட் ஆணையம் ஆண்டுதோறும் பிடிப்பளவை முடிவு செய்கிறது. கனடாவின் பங்கில் 85 விழுக்காடு வணிக மீனவர்களுக்கும் 15 விழுக்காடு நம்மைப் போன்ற பொழுதுபோக்கு மீன்பிடிப்போருக்கும் என்று 2012-இல் பிரிக்கப்பட்டது. அந்த 15 விழுக்காட்டுக்குள் பருவம் நீண்டு நிற்க வேண்டுமானால் நீள வரம்பு வைத்தே ஆக வேண்டும்.

வரம்பே இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். ஆண் ஹலிபட் அவ்வளவு பெரிதாக வளர்வது அரிது. ஆள் உயரத்துக்கு இருந்தால் அது ஏறத்தாழ உறுதியாகப் பெண் மீன். பெண் மீன் முட்டையிடும் பருவத்தை எட்டவே சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். பெரிய மீன் ஒரே குளிர்காலத்தில் இருபது, முப்பது இலட்சத்துக்கும் மேல் முட்டையிடும். உணவுக்கும் பத்துக் கிலோ மீனே சிறந்தது, அதன் சதை மென்மையாக இருக்கும். பழங்குடி மக்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே கடைப்பிடித்தார்கள். இந்தக் கரையின் நூ-சா-நுல்த் மக்கள் மரத்தை நீராவியில் வளைத்துச் செய்த ஹலிபட் கொக்கியின் வாயிடைவெளி, மிகச் சிறிய மீனும் மிகப் பெரிய மீனும் சிக்காத அளவில் இருந்தது.

உங்கள் நண்பரின் ஆசையைக் கெடுக்க வேண்டியதில்லை. மீனைப் படகுக்கு வெளியே நீரிலேயே வைத்துப் படம் எடுங்கள். உயிரோடு படகுக்குள் ஏற்றினால் அது துள்ளும் வேகத்தில் மனிதரின் கால் எலும்பு முறியும். மீனின் உள்ளுறுப்புகளும் சிதையும். வட்டக் கொக்கி வாயோரத்தில் இருப்பதால் நீண்ட பிடியுள்ள கொக்கி கழற்றியால் நொடியில் எடுத்துவிடலாம். வைத்துக்கொள்ளும் அளவான மீனாக இருந்தால் மட்டும், படகோரத்திலேயே செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, அடங்கிய பிறகு உள்ளே எடுங்கள்.

பதில்: செவுள்

கடைசியாக ஒரு செய்தி. பிடித்தவுடன் மீனை வெறும் பனிக்கட்டி மேல் வைக்காமல், கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த பெட்டியில் முழுக்கிவிடுங்கள். சதை விரைவாகக் குளிரும். வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது இனத்தை அதிகாரி அடையாளம் காணும்படி தோலை உரிக்காமல் பொதியுங்கள். பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்பது குற்றம். உறவினர்களுக்குக் கொடுக்கும்போது பிடித்தவரின் பெயர், உரிம எண், பிடித்த நாள், இடம் ஆகியவற்றைப் பொதியின் மேல் எழுதிக் கொடுங்கள்.