வீட்டில் வரும் விடை தேர்வறையில் வருவதில்லை

குரூப் 2 தேர்வுக்குத் தயாராகிறேன். வயது 29, ஊர் திருநெல்வேலி. 4 மாதமாக ஒரே தொல்லை. வீட்டில் மடமடவென்று சொல்வது, மாதிரித் தேர்வில் உட்கார்ந்ததும் வருவதில்லை. முதல் 20 நிமிடம் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், தலைக்குள் ஒன்றுமே இருக்காது. வெளியே வந்து டீ குடிக்கும்போது விடையெல்லாம் வரிசையாக வரும்!

தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. காபியை விட்டேன். தூக்கத்தை 5 மணி நேரத்திலிருந்து 7 ஆக்கினேன். அம்மாவின் வல்லாரைத் துவையலும் ஓடுகிறது. பதற்றத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன், படித்ததை அழிப்பதில்லை, மூளையில் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸிலிருந்து அதை எடுப்பதைத்தான் தடுக்கிறது என்று வாசித்தேன். என் கதை அப்படியே அதுதான்.

இதிலிருந்து மீண்டவர்கள், தேர்வறைக்குள் போகும் முன் கடைசி 10 நிமிடத்தில் என்ன செய்தீர்கள்?