மறுமொழி: ‘செக்யூரிட்டைசேஷன்’ – ‘பாதுகாப்பாக்கல்’ வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு பிரச்சினையை ‘இது நம் இருப்புக்கே ஆபத்து’ என்று அறிவித்து அவசர நடவடிக்கைக்கு வழிசெய்வதை அரசியல் பாடத்தில் ‘செக்யூரிட்டைசேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘பாதுகாப்பாக்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். நாளடைவில் பழகிவிடும்.

பழகாது ஐயா. போன வாரம் இங்கே சென்னையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘தொற்றுநோய் பாதுகாப்பாக்கப்படுவதை விளக்குக’ என்ற கேள்விக்கு ஒரு மாணவி தடுப்பூசி, கை கழுவுதல், தனிமைப்படுத்தல் என்று பக்கம் நிறைய எழுதியிருந்தார். கேட்ட தமிழுக்கு அதுதான் சரியான விடை. கேள்வியை எழுதியவன் நான். ஐந்துக்கு மூன்று போட்டேன். வேறு வழி தெரியவில்லை.

அப்படி அறிவித்த பிரச்சினையை மறுபடி சாதாரண விவாதத்துக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் எதிர்ச்சொல் இன்னும் மோசம். ‘பாதுகாப்பு நீக்கம்’ என்றால் யாரோ தலைவர் வீட்டு வாசலிலிருந்து போலீஸைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றுதான் படிப்போம்.

இதே ஆங்கிலச் சொல் நிதித் துறையிலும் உண்டு. அதற்கு வங்கித் துறை நண்பர் சொன்ன ‘பத்திரமாக்கல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘பத்திரமாகப் போய் வா’ என்பதிலும் வீட்டுப் பத்திரத்திலும் இருக்கும் சொல், ‘செக்யூரிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளையும் தாங்குகிறது. ஆனாலும் கடன்களைத் திரட்டி முதலீட்டாளர்களிடம் விற்கும் வேலைக்கே அதை விட்டுவிடலாம்.

சர்வதேச உறவுகளை ஆராயும் ஓலே வேவர், பாரி புசான் முதலிய கோபன்ஹேகன் சிந்தனையாளர்கள் 1990களில் கொடுத்த பொருள் வேறு. ஒரு பிரச்சினையை ‘இது நம் இருப்புக்கே ஆபத்து’ என்று செல்வாக்குள்ள ஒருவர் அறிவிக்கிறார். கேட்பவர்கள் ஏற்றுக்கொண்டால், வழக்கமான விதிகளை ஒதுக்கிவைத்து அவசர நடவடிக்கையில் இறங்க வழி பிறக்கிறது. ஆபத்து மெய்யா பொய்யா என்று இந்தக் கோட்பாடு தீர்ப்புச் சொல்வதில்லை. அதனால்தான், இல்லாததைப் பெரிதாக்குவது என்று பொருள்படும் ‘பூதாகரமாக்கல்’ ஒத்துவராது. எபோலாவில் செத்தவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

ஒன்றுக்கு இரண்டாகச் சொல் வேண்டும் என்பது என் கட்சி: ஆபத்து என்று சொல்லிப் பார்ப்பதற்கு ஒன்று, அது பலிப்பதற்கு ஒன்று. 2021 டிசம்பரில் பருவநிலை மாற்றத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் வேலைக்குள் கொண்டுவர அயர்லாந்தும் நைஜரும் ஒரு வரைவுத் தீர்மானம் வைத்தன. 12 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா வீட்டோவைப் பயன்படுத்தியது, இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது, சீனா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. பருவநிலையைப் பேச எல்லா நாடுகளும் உட்காரும் தனி மன்றம் இருக்கிறதே என்பது இந்தியாவின் வாதம். ஆக, சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. இதை ‘அச்சுறுத்தலெனல்’ என்போம்.

2014 செப்டம்பரில் பலித்தது. ஆப்பிரிக்காவில் எபோலா பரவிய அளவு உலக அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தல் என்று 2177ஆம் தீர்மானத்தில் அதே அவை ஒருமனதாக எழுதிவைத்தது. இது ‘அச்சுறுத்தலாக்கல்’. ‘இதை அரசியலாக்காதீர்கள்’ என்று நாள்தோறும் யாராவது அறிக்கை விடும் ஊரில் இந்த ‘ஆக்கல்’ யாருக்கும் விளங்கும்.

‘எனல்’ பற்றி, இலக்கணம் கற்றவர்கள் பிடிப்பதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன். 196ஆம் குறளில் அச்சொல் இருமுறை வருகிறது: முதலில் ‘என்று சொல்லாதே’, அடுத்து ‘என்று சொல்’. இன்றைய வழக்கில் முதல் பொருள் இல்லை என்பதால் துணிந்துவிட்டேன்.

எதிர்ச்சொல்லுக்கு ‘அரசியலுக்கு மீட்டல்’ என்று குறித்துவைத்திருக்கிறேன். அவசரக் கூட்டத்திலிருந்து வழக்கமான விவாதத்துக்குத் திரும்புவது என்ற பொருள் அதில் வருகிறது, ஆனால் சொற்றொடராகிவிடுகிறது. ஒரே சொல்லாக யாரிடமாவது இருந்தால், அடுத்த பருவத்தின் கேள்வித்தாள் அச்சுக்குப் போவதற்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
கேள்வித்தாள் எழுதியவன்